நிலைவாசல் வைத்த லாரி

ஆறுமுகசாமி என்ற பேரைப் பிச்சம்மாள் முதலில் கேட்டபோது அது ஒரு எலியின் பேர் என்றுதான் நினைத்தாள்.

பூதப்பாண்டியிலிருந்து மலையாள எல்லை தாண்டிக் கரமனைக்குக் கல்யாணமாகி வந்த புதிது. அடுக்களையில் ஒரு பித்தளைக் கரண்டியைக் காணவில்லை. மாமியார் வடிவாம்பாள் இரண்டு தரம் தேடிப் பார்த்துவிட்டு, "ஆறுமுகசாமி கொண்டு போயிருப்பான்" என்றாள். மறுநாள் கொடியில் காய்ந்த துவர்த்துத் துண்டு ஒன்று காணாமல் போயிற்று. அதையும் ஆறுமுகசாமிதான் கொண்டு போனான். தேங்காய் உடைத்தால் உள்ளே அழுகல் என்றால் அது ஆறுமுகசாமி தேங்காய். திரிந்த பால் ஆறுமுகசாமி பால். புதுப்பெண் வாயைத் திறந்து கேட்கக் கூடாது என்று அவளும் கேட்கவில்லை. வீட்டில் ஒரு பெரிய எலி உண்டு, அதற்கு வேடிக்கையாகப் பேர் வைத்திருக்கிறார்கள் என்று பொறியில் தேங்காய்ச் சில்லு குத்தி வைத்தாள். அதைப் பார்த்து மாமியார் சிரித்த சிரிப்பில் கொஞ்சமும் நல்லதனம் இருக்கவில்லை.

"பொறிக்கெல்லாம் அவன் அகப்பட மாட்டான். லாரியையே முழுங்கினவன்லா."

அன்றைக்குத்தான் அந்தக் கதையைக் கேட்டாள். பிறகு கேட்டுக்கொண்டே இருந்தாள். விசேஷ வீடு, துட்டி வீடு, எங்கே சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடினாலும் அந்தக் கதை வந்துவிடும்.

மாமனார் தாணுலிங்கத்துக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரம். அவருடைய அண்ணன் மகன் ஆறுமுகசாமி. தாயும் தகப்பனும் இல்லாத பிள்ளை என்று இந்த வீட்டில்தான் சோறு. மீசை முளைத்ததும் லாரி ஓட்டப் பழகினார். தாணுலிங்கம் வாங்கியிருந்தது ஒரு பார்கோ லாரி. அந்தக் காலத்தில் மூக்கும் இஞ்சினும் சக்கரமும்தான் கம்பெனியிலிருந்து வரும், மேலே கூண்டு கட்டிக்கொள்வது வாங்குகிறவர் பாடு. தாணுலிங்கம் வீடு கட்டி மிச்சம் கிடந்த ஆஞ்சிலிப் பலகையை வீடு கட்டின ஆசாரியிடமே கொடுத்துக் கூண்டு அடிக்கச் சொன்னார். ஆசாரிக்குத் தெரிந்தது வீடு. லாரிக் கதவுக்கு நிலை வைத்தார், படி வைத்தார், மேல் சட்டத்தில் தாமரை மொட்டு செதுக்கினார். சரி, நிலை என்று ஆனபிறகு சும்மா வைக்கலாமா என்று தாணுலிங்கம் நல்ல நேரம் பார்த்து, படிக்கட்டையில் குழி தோண்டி, மஞ்சள் துணியில் மகாராஜா காலத்துக் காசு ஒன்றைப் பொதிந்து உள்ளே வைத்து நிலைவைப்பே நடத்திவிட்டார். மாவிலை கட்ட மேலே இரண்டு கொக்கியும் உண்டு. சாலையில் மூட்டை தூக்குகிறவர்கள், "பிள்ளைவாள், லாரிக்கு அடுக்களை எந்தப் பக்கம்" என்று கேட்பார்களாம்.

அந்த லாரியில்தான் போனக்காடு தேயிலை எஸ்டேட்டுக்கு அரிசி போகும். பிச்சம்மாள் வருவதற்கு மூன்று வருஷம் முந்தின ஆடியில் ஆறுமுகசாமி அரிசி ஏற்றிக்கொண்டு போனார். திரும்பி வந்தது ஆள் மட்டும்தான். மலையில் அச்சு முறிந்து போயிற்று, வண்டியை எஸ்டேட் ஃபாக்டரிக் கொட்டகையில் தள்ளிவிட்டு விதுரை வரைக்கும் நடந்து வந்தேன் என்றார். வாருங்கள், காட்டித் தருகிறேன் என்றும் கூப்பிட்டார். அவர் யாருக்கோ விற்றுவிட்டு வந்து நிற்கிறார் என்று தாணுலிங்கத்துக்கு யாரோ ஓதிவிட்டிருந்தார்கள். கூட்டிக்கொண்டு போனால் ஏதாவது தகிடுதத்தம் பண்ணுவான் என்று மகன் அழகியநம்பியைத் தனியாக அனுப்பினார். இந்த அழகியநம்பியைத்தான் பிச்சம்மாள் பின்னால் கட்டிக்கொண்டாள். அவர் போய்விட்டு வந்து, கொட்டகையில் லாரியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை என்றார்.

பிறகு குடும்பக் கோயில் நடையில் சத்தியம். கற்பூரம் ஏற்றி, உள்ளங்கையால் அடித்து அணைத்து, நான் எடுக்கவில்லை என்று ஆறுமுகசாமி சொல்ல வேண்டும். வடிவாம்பாள் இந்த இடத்தை ஒன்றும் விடாமல் சொல்வாள். "என் மூத்த மகளுக்கு அப்ப மூணு மாசம், வெங்கிடேஷ் வயித்துல. அதனால மருமகனைக் கற்பூரத் தட்டைத் தொடவே விடல்ல. பொண்டாட்டி உண்டாகியிருந்தா ஆம்பிளை எரியுத தீயை அணைக்கப்பிடாது பாத்துக்கோ. வேற ஆளுதான் தட்டைப் பிடிச்சாரு. ஆறுமுகசாமி என்ன செய்தான் தெரியுமா? கையைப் பின்னால கட்டிக்கிட்டு நின்னான். கற்பூரம் அதுபாட்டுக்கு எரிஞ்சு தீந்துது. அணைக்கல்ல. குத்தமுள்ள நெஞ்சு எப்படி அணைக்கும்?"

அன்றோடு ஆறுமுகசாமிக்கு வீடு இல்லை. கோயில் கொடைத் திருவிழாவில் சாமிக்குப் படைத்த படப்புச்சோற்றை ஒவ்வொரு குடும்பத்துக்கும் பேர் சொல்லிப் பங்கு வைப்பார்கள். அதில் அவர் பேரை வெட்டினார்கள். தாணுலிங்கம் சாலைத்தெருவில் கடை கடையாக ஏறிச் சொன்னதில் பிறகு ஒருத்தரும் அவர் கையில் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. தம்பானூரில் ஒரு லாட்ஜில் வாசல் காவலுக்கு நின்றார். மனைவி சொர்ணம் கிழக்கேகோட்டையில் பூக் கட்டி விற்றாள். சொர்ணம் செத்ததற்கும் கரமனையிலிருந்து யாரும் போகவில்லை. ஒருமுறை நாகர்கோவில் பஸ்சுக்குத் தம்பானூரில் நின்றபோது பிச்சம்மாள் அவரைப் பார்த்தாள். காக்கிச் சட்டை, ஒடிசலான உடம்பு. அழகியநம்பியைக் கண்டதும் நிதானமாக ஓடைப் பக்கம் திரும்பிக் காறித் துப்பிவிட்டு உள்ளே போனார். பிச்சம்மாளுக்கும் அன்றிலிருந்து அந்த ஆளைக் கண்டால் ஆகாது. தன் புருஷனைப் பார்த்துத் துப்பினவனை எவளுக்குத்தான் ஆகும்.

மாமனார் போனார், மாமியார் போனாள், அரிசிக் கடையும் போயிற்று. வீட்டை ஒட்டின அரிசிக் கிட்டங்கியை ஸ்ரீகுமார் என்ற மலையாளிக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். பழைய ஸ்கூட்டர், பழைய ஜீப்பு என்று துருப்பிடித்ததை எல்லாம் வாங்கி, கழுவி, பெயிண்டு அடித்து விற்பது அவன் தொழில். போன வருஷம் ஒருநாள் செல்போனைத் தூக்கிக்கொண்டு அழகியநம்பியிடம் வந்தான்.

"அங்கிள், இது ஒண்ணு நோக்கணும். போனக்காட்டுல, இடிஞ்ச ஃபாக்டரிக்குப் பின்னால, செடி மூடிக் கிடக்குது. மூக்கும் இஞ்சினும் கண்டா பார்கோன்னு தெரியும். நம்பர் தகிடு இல்லை, பேர் இல்லை, மேல முழுக்கப் பச்சைப் பெயிண்டு. ஆனா இந்தக் கூண்டு எந்தக் கம்பெனின்னு எனிக்குப் பிடிகிட்டல்ல. லாரிக்கு ஆராவது இப்படிக் கதவு வைப்பாங்களா? சாலையில பழைய லாரிக்காரங்களை உங்களுக்குத் தெரியுமல்லோ."

அழகியநம்பி போனை வாங்கினார், பார்த்தார், திருப்பிக் கொடுத்தார். "எனக்குக் கண்ணு தெளியல்லப்பா."

காலையில் பேப்பரில் பொடி எழுத்துச் சாவு அறிவிப்பெல்லாம் ஒன்று விடாமல் வாசித்த கண். சாயாவோடு வந்த பிச்சம்மாள், "எங்கே பாப்போம்" என்று வாங்கினாள். காட்டுக்கொடிக்கு நடுவில் ஒரு மரக் கதவு. மேல் சட்டத்தில் தாமரை மொட்டு. மொட்டுக்கு இரண்டு பக்கமும் கொக்கி. அதே ஆசாரி செதுக்கின அதே மொட்டு அவள் நின்ற வாசலுக்கு மேலேயும் இருந்தது. அவள் தலையைத் தூக்கி நிலையைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். அவர் சாயாவை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"நான் இதை நேர்ல பாக்கணும்" என்றாள் ஸ்ரீகுமாரிடம்.

"அதெதுக்கு இந்த வயசுல" என்றார் அழகியநம்பி. "அட்டை கடிக்கும். ரோடு இருக்காது."

"நீங்க போயிட்டு வந்தவருதானே. உங்களைக் கடிச்சுதா?"

"அதெல்லாம் ஞாபகம் இல்லை."

ஸ்ரீகுமார் காட்டிலாகாவில் அனுமதி வாங்கி, ஜீப்பில் அவளைக் கூட்டிப் போனான். விதுரைக்கு மேலே ரோடு வளைந்து வளைந்து ஏறிற்று. ஃபாக்டரி தகரம் பறந்து எலும்பாக நின்றது. எதிரே தொழிலாளர் லயம். பாதி வீடுகளில் ஆளில்லை. ஒரு வாசலில் மட்டும் ஒரு கிழவி விளக்குமாறும் கையுமாக நின்றாள். ஆவுடைத்தாய் என்று பேர். கொழுந்து கிள்ள வந்த தாய்க்கு அந்த லயத்திலேயே பிறந்தவள்.

"எந்த ஊரு?"

"கரமனை."

"கரமனைன்னா இப்படியே இறங்கிடு" என்றாள் ஆவுடைத்தாய். விளக்குமாற்றைக் கீழே போடவில்லை.

ஸ்ரீகுமார் சிரித்துக்கொண்டே, "கரமனை என்ன பாவம் செஞ்சுது அம்மா" என்று கேட்டான்.

"அந்த வண்டியை விட்டுட்டுப் போன டிரைவரு சொன்னதாக்கும். வருஷத்துக்கு ஒருக்கா வருவாரு. ஃபாக்டரி செட்டுக்குள்ள போய் அதைச் சுத்திப் பாப்பாரு. கரமனையில இருந்து எவனாவது தேடி வந்தா காட்டாதே, கல்லைக் கொண்டு எறின்னு சொல்லிட்டுப் போவாரு. எஸ்டேட்டுக்காரன் அச்சு மாத்தி, பச்சை அடிச்சு, கொஞ்ச காலம் கொழுந்து அள்ளினான். அப்பவும் வந்து பாத்து, எங்க வீட்டுப் பெண்ணை இப்படிப் பச்சைச்சேலை கட்டி வேலைக்கு விட்டுட்டானேன்னு கெட்ட வார்த்தை சொன்னாரு. இப்பக் கொஞ்ச வருஷமா ஆளைக் காணோம். செத்துட்டாரா?"

"இல்லை" என்றாள் பிச்சம்மாள். "லாரி நின்ன அந்த ஆடியில கரமனையில இருந்து ஒரு ஆளு தேடி வந்தாரே. அவருக்கு நீ காட்டல்லியா?"

"எவன் வந்தான்? ஒருத்தனும் வரல்ல."

"வெளுத்த ஆளு. கண்ணாடி போட்டிருப்பாரு."

"எம்மா, செட்டுக்கு நேர எதிர எங்க வீடு. எனக்கு அப்பப் பதினஞ்சு பதினாறு வயசு, பிள்ளைக்காவலுக்கு நாள் பூராவும் இங்கேயேதான் இருப்பேன். கீழ மண்ணு இடிஞ்சு ரோடே இல்லை. அரிசி வராம மரச்சீனிக் கிழங்கு தின்னு கிடந்தோம். வெளியாளு முகத்தைப் பாத்தாப் போதும்னு இருந்த நேரம். வந்திருந்தா எனக்குத் தெரியாதா? பின்னால டிரைவரு சொன்னாருன்னு எறியதுக்குக் கல்லு பொறுக்கி வச்சதும் வீணாப் போச்சு."

பிச்சம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. செடியை விலக்கிக்கொண்டு லாரியிடம் போனாள். டயர் இல்லை, கண்ணாடி இல்லை, சீட்டு இருந்த இடத்தில் பன்னி கிடந்த குழி. ஸ்ரீகுமார் இஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு அவன் பாட்டுக்கு ஏதோ சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். ஆஞ்சிலி மட்டும் உளுத்துப் போகாமல் நின்றது. அவள் இடது பக்கப் படிக்கட்டையைத் தடவினாள். மாமியார் சொன்ன இடத்தில் சதுரமாக ஒரு குழி. விரலை விட்டுப் பார்த்தாள். மண் இருந்தது. காசு இல்லை. கொக்கியில் மாவிலை கட்டின கயிற்றின் முடிச்சு ஒன்று கறுத்துப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது.

"உறப்பாச்சா அம்மா, இதுதானா?" என்றான் ஸ்ரீகுமார்.

"எங்க வீட்டு வண்டிதான்" என்றாள். காலில் அட்டை ஏறியிருந்ததை ஜீப்பில் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தாள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றாமலே கேட்டாள். "நீங்க மலைக்கு ஏறினீங்களா, இல்லியா?"

அழகியநம்பி டிவியின் சத்தத்தைக் கூட்டினார். அவள் போய் அதை அணைத்தாள்.

"விதுரை வரைக்கும் போனேன்" என்றார். "மேல ரோடு இல்லை, ஆனை நிக்குது, அட்டை விழுதுன்னாங்க. ரெண்டு நாள் லாட்ஜுல இருந்தேன். பின்னே என்ன செய்யச் சொல்லுக? வண்டி அங்கே இருக்கும்னு நான் கண்டேனா?"

"இல்லைன்னு கண்டீங்களா?"

"அப்பா கேட்டாரு. சும்மா திரும்பி வந்தேன்னு சொன்னா என்னை விட்டுவைப்பாரா? அவன் எடுக்கல்லன்னா கற்பூரத்தை அணைச்சிருக்க வேண்டியதுதானே. அவன் அணைக்காததுக்கு நானா பொறுப்பு?" அணைந்த டிவியைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "படியில காசு இருந்துதா?"

"இல்லை."

"பாத்தியா, எடுத்துட்டான்."

பிச்சம்மாள் அன்று அவருக்குச் சோறு போட்டாள், பரிமாறவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். கட்டின நாளிலிருந்து இந்த மனுஷன் வாய்ப்பேச்சை நம்பி ஒரு ஆளை வெறுத்தாயிற்று. அந்த வெறுப்பை இனி யார் தலையில் இறக்கிவைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. இறக்கிவைக்க ஆள் பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்துப் பாப்பனங்கோட்டுக்குத் தனியாக ஆட்டோ பிடித்துப் போனாள். ஆறுமுகசாமி லாட்ஜ் வேலையை விட்டுவிட்டு மகள் கலைச்செல்வி வீட்டில் இருந்தார். கதவைத் திறந்தது மகள்தான். ஐம்பது வயதிருக்கும். தாணுலிங்கத்தின் மூக்கு அப்படியே.

"கரமனையில இருந்தா?" என்றாள் கலைச்செல்வி. வழிவிடாமல் நின்றாள். "நீங்க எனக்கு ஆரு? சித்தியா, அம்மாயியா? எங்க வீட்டுக்கு இதுவரைக்கும் சொந்தம்னு ஒருத்தரும் வந்ததில்லை, அதுகொண்டு எனிக்கு முறை தெரியாது."

"சித்தி" என்றாள் பிச்சம்மாள். "உங்க அப்பாவுக்குச் சித்தப்பா மகன் பொண்டாட்டி. உங்க அப்பா எனக்கு அத்தான் முறை."

"அம்மா செத்தப்பவும் நீங்க எனிக்குச் சித்திதானே?"

உள்ளே நாற்காலியில் ஆறுமுகசாமி உட்கார்ந்திருந்தார். காது நன்றாகக் கேட்டது. "உள்ள விடு. என்ன காணாமப் போச்சாம், கேளு" என்றார்.

அவள் நின்றுகொண்டே சொன்னாள். லாரியைக் கண்டது, கதவு நிலை, ஆவுடைத்தாய் சொன்னது, விதுரை லாட்ஜ், எல்லாம். அவர் முகத்தில் ஒன்றும் அசையவில்லை. படிக்கட்டைக் காசு என்று அவள் தொடங்கியதும் மட்டும் சிரித்தார்.

"அதுவும் நான்தானா? சரி, எழுதிக்கோ."

"நீங்க ஏன் அத்தான் அன்னைக்குக் கற்பூரத்தை அணைக்கல்ல? ஒரு அடி அடிச்சிருந்தா எல்லாம் அன்னைக்கே தீந்திருக்குமே."

அவர் மகளைப் பார்த்தார். பிச்சம்மாளின் கண் கலைச்செல்வியின் மேல் நின்றது. "நீ என்ன மாசம் மக்களே பிறந்தே?"

"தை. அந்த வருஷம்தான், அப்பாவை இறக்கிவிட்டதுக்குப் பிறகு வந்த தை."

மூத்த நாத்தனார் மகன் வெங்கிடேஷும் அந்தத் தைதான். அவன் வயிற்றில் இருந்ததால் அவன் தகப்பனைக் கற்பூரத் தட்டையே தொடவிடவில்லை. அதே நாள், அதே நடை, அதே மூன்று மாசம். மாமியார் எத்தனை தரம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பாள், தான் எத்தனை தரம் கேட்டிருப்போம் என்று நினைத்தாள் பிச்சம்மாள். பக்கத்துக் கட்டிலில் கேட்காமலே உட்கார்ந்தாள்.

"சொர்ணம் அக்கா உண்டாகியிருந்தான்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"ஆருகிட்ட?" என்றார் ஆறுமுகசாமி. குரல் உயரவில்லை. "அதுக்கு முன்னால ரெண்டு கரு நிக்காமப் போயிருந்துது. வயித்துல ஒட்டுற வரைக்கும் வெளிய சொல்லாண்டாம்னு அவ கையைப் பிடிச்சுக் கேட்டிருந்தா. என்னைக் களவாணின்னு கூடி நின்ன அத்தனை கண்ணுக்கும் முன்னால அதை அவிழ்த்துக் காட்டவா? உங்க மாமியாருக்கு மருமகன் தீயைத் தொடப்பிடாதுன்னு தெரிஞ்சுதே, எனக்கும் ஒரு பொண்டாட்டி உண்டேன்னு ஒருத்தருக்குத் தோணிச்சா? சோறு போட்டு வளத்த பயலுக்கு என்ன பொண்டாட்டி, என்ன பிள்ளைன்னு நினைச்சீங்க."

"பிறகாவது நீங்க கூட்டிட்டுப் போய்க் காட்டியிருக்கலாம்."

"நானா காட்டணும்? வண்டி அங்கேயேதான் நின்னுது. ஒரு பஸ்சு தூரம். வராதவனுக்கு வழி காட்ட எனக்கென்ன தலையெழுத்து? ஒவ்வொரு வருஷமும் போய், இன்னும் எவனும் வரல்லன்னு பாத்துட்டு வருவேன். அதுல ஒரு சொகம் உண்டு. உனக்குத் தெரியாது."

பங்குனிக் கொடைக்கு வாருங்கள், உங்கள் பேரைத் திரும்பச் சேர்க்கச் சொல்கிறேன் என்றாள். அவர் எழுந்து நின்றார். எழுந்து நிற்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உன் புருஷனை அதே நடையில நிக்க வை. நான் மலைக்கு ஏறினேன், லாரியைக் காணல்லன்னு சொல்லிக் கற்பூரத்தை அணைக்கட்டும். அவன் பொண்டாட்டிக்கு இப்ப மூணு மாசம் ஒண்ணும் இல்லியே. அணைச்சான்னா நான் களவாணின்னு நானே வந்து ஒத்துக்கிடுகேன். இனி போ."

கொடைக்கு அழகியநம்பி முட்டுவலி என்று கிளம்ப மறுத்தார். பிச்சம்மாள் காரை வாசலில் கொண்டு நிறுத்தி, வேட்டியை எடுத்துக் கட்டிலில் போட்டாள். "வரல்லன்னா கூடியிருக்க எல்லாருக்கும் நான் மைக்குல சொல்லுவேன்" என்றாள். அவர் வந்தார்.

நடையில் சொந்தம் முழுக்க நின்றது. பழசைக் கிண்டுவானேன் என்று நாலு பேர் சொன்னார்கள். லாரியின் படத்தைக் காட்டி அவள் சொல்ல வேண்டியதைச் சொன்ன பிறகு அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள். வெங்கிடேஷ்தான் தட்டைப் பிடித்தான். கற்பூரம் எரிந்தது. பிச்சம்மாள் புருஷன் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தாள். அந்தக் கை வேட்டித் தலைப்பைப் பிடித்துக்கொண்டு அங்கேயே இருந்தது. தீ குறைந்தது, நீலமாயிற்று, தட்டில் ஒரு கறை மட்டும் மிஞ்சியது. எங்கோ செண்டை அடிக்கிறவன் நேரம் தெரியாமல் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு நிறுத்தினான்.

படப்புச்சோறு பங்கு வைக்கும்போது வெங்கிடேஷ், "ஆறுமுகசாமி மாமா பங்கு" என்று கூப்பிட்டான். பிச்சம்மாள் தூக்குவாளியை நீட்டினாள். அழகியநம்பி காரில் போய் முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். திரும்பி வரும் வழியில் இரண்டு பேரும் பேசவில்லை. பாப்பனங்கோட்டில் அவள் மட்டும் இறங்கினாள். கார்க் கண்ணாடி ஏற்றியே இருந்தது.

"அணைச்சானா?" என்று கேட்டார் ஆறுமுகசாமி.

"இல்லை."

"கையைப் பின்னால கட்டினானா?"

"வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு."

"அதுக்கும் துணிவில்லை." தூக்குவாளியை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தார். மூடினார். "பங்கு வந்தாச்சு, வாங்கியாச்சு. கலை, வாளியைக் கழுவிக் கொடுத்துடு. நீ இனி இந்தப் பக்கம் வராண்டாம். அவன் செத்தா எனக்குச் சொல்லி விடாண்டாம். நான் செத்தாலும் வராண்டாம்."

கலைச்செல்வி வாளியைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். கையில் தரவில்லை. பிச்சம்மாள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

மூடிக்கிடக்கிற எஸ்டேட்டின் மேல் கோர்ட்டில் நடக்கிற வழக்கு முடிகிறவரை அந்த லாரியிலிருந்து ஓர் ஆணியைக்கூட எடுக்கக் கூடாது என்று ஸ்ரீகுமாரிடம் சொல்லிவிட்டார்களாம். அது அங்கேயேதான் நிற்கிறது. கரமனை வீட்டில் ஒரு பொருள் காணாமல் போனால் இப்போது யாரும் எந்தப் பேரும் சொல்வதில்லை. ஆறுமுகசாமி பாப்பனங்கோட்டில், மகள் வீட்டில், ரோட்டைப் பார்த்த முன் அறையில் இருக்கிறார்.